வாசலில் கழற்றிய காக்கி

சேக்காடு
23.8.1993

என் மானத்தைக் கப்பலேற்றிய மருமகளே,

"நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் வச்சுக்கோ மாமா" என்று அந்தத் தெருநாயை என் தலையில் கட்டினாயே, நீ நன்றாக இருப்பாயா?

நாய்வண்டிக்காரர்களிடம் அடிபட்டவள். காக்கியைக் கண்டாலே கட்டிலடியில் புகுந்து, வீடே ஆடும்படி நடுங்குவாள். என் கம்பெனி உடுப்போ காக்கி! மூன்று யுகம், சரி, மூன்று மாதம், தினமும் வாசலிலேயே உடுப்பைக் கழற்றி லுங்கிக்கு மாறினேன். "இன்னா அண்ணாத்தே, ஊட்டுக்குள்ள எடம் இல்லியா?" என்று எதிர்வீட்டு எத்திராஜ் தினமும் கேட்டான். பயம் தெளியட்டுமென்று என் பழைய காக்கிச் சட்டையை அவள் சோற்றுத்தட்டின் கீழே விரித்து வைத்த முட்டாளும் நானேதான்.

நேற்று அவளை எடுத்து வளர்க்க நீ அனுப்பிய மாங்காட்டு ஆள் வந்தார். பஸ் கண்டக்டராம்! டூட்டி முடிந்து காக்கியோடே நின்றார். அவள் கட்டிலடிக்கு ஓட வேண்டுமென்று மோட்சத்துப் புனிதர்கள் அத்தனை பேரையும் வேண்டினேன். அந்தத் துரோகி அவர் காலை முகர்ந்து வாலாட்டினாள். கூடவே போய்விட்டாள்.

இனி நாய் என்று என்னிடம் வாயைத் திறக்காதே.

இன்று சாயங்காலமும் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிவிட்டேன். எத்திராஜ் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அவனையும் சும்மா விடமாட்டேன்.

கொதித்துப்போயிருக்கும்
உன் தாய்மாமன்