காய்ந்த பக்கெட்டு

ஆடிக் கிருத்திகை, ராத்திரி.

சாயந்திரம் மழை கொட்டித் தீர்த்துது. அக்கா புருஷன், எங்க பாவா, நேரா வந்து நைனா விட்டுட்டுப் போன இந்த வீட்டுக் கூடத்து நடுவுல பக்கெட்டை வச்சாரு. "எப்பவும் ஒழுகற இடம்தானே"ன்னு சிரிப்பு வேற. இந்த வருஷமும் ஒழுகினா இடிச்சிட்டு லாட்ஜ் கட்டணும்னு ஒத்தக் காலுல நின்னவரு. போன மாசம் ஒழுகல் நிக்க, மொட்டை மாடிக்குச் சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் கலந்து நான் பூச வச்சப்போ, "கூரை போடறியா, பாயசம் காய்ச்சறியா?"ன்னு கேட்டவரு.

தங்க இடம் கேட்டு வந்தும் ஒழுகுதுன்னு வருஷா வருஷம் நாங்க திருப்பி அனுப்பின சித்தூர் காவடிக்காரங்க, இன்னிக்கு மலை இறங்கி வந்து அதே கூடத்துல தூங்கிக்கினு இருக்காங்க. ஒரு சொட்டு இறங்கல. பாவாவும் வீட்டுக்குப் போகாம அவங்க நடுவுல குறட்டை விட்டுக்கினு இருக்காரு.

பக்கெட்டை நான் தொடல. காலையில அவரே தூக்கிக்கினு போகட்டும்.