முப்பது பேர் நிற்கும் கோயில்

ஸ்டுட்கார்ட், 14-2-1988

அன்புள்ள பொலிக்ஸேனி,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வாசித்திருந்தால் அதுவே பெரிது. அந்தூலாவுக்குக் கல்யாணம் என்று நம் ஊர்க்காரன் ஒருவன் தொழிற்சாலை கேன்டீனில் சொன்னான். பெற்ற அப்பன் நான், சூப் குடித்துக்கொண்டே மூன்றாம் மனிதன் வாயால் கேட்டேன். குறை சொல்லவில்லை, பதினோரு வருஷமாக நானும்தான் எழுதவில்லை. எந்தக் கோயில், என்றைக்கு? நான் வரலாமா? அவளிடம் கேட்டுச் சொல்.

ஸ்டெர்யோஸ்

தெசலோனிக்கி, 6-3-1988

ஸ்டெர்யோஸுக்கு,

கிழிக்கவில்லை. அவளிடம் இன்னும் காட்டவுமில்லை; சமயம் பார்க்கிறேன்.

ஞாயிறுதோறும் அவளும் நானும் கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறோம். புனித திமித்ரியோஸ் வேண்டாமாம். "கப்பல் மாதிரி இருக்கும்மா, நம்ம ஆளுங்க ஒரு மூலையில காணாமப் போயிடுவாங்க" என்றாள். அகிரோபீட்டோஸ் கோயிலில் அந்தத் தூண் வரிசையை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "இது வேணவே வேணாம்" என்று வெளியே நடந்துவிட்டாள்.

கடைசியில் மேல்நகரத்தில் புனித தாவீது கோயில் அவளுக்குப் பிடித்துப்போனது. மேடு ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கியது. உள்ளே, மேல் வளைவில் பதித்த சித்திரத்தில், மீசை முளைக்காத இளம் கிறிஸ்து வானவில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார். "மாப்பிள்ளையைவிட அழகா இருக்காரே" என்றேன், சிரித்தாள். முப்பது பேர் நின்றால் தோளோடு தோள் இடிக்கும். ஜூன் 12, காலை பதினொன்று.

பொலிக்ஸேனி

ஸ்டுட்கார்ட், 20-3-1988

பொலிக்ஸேனி,

புரிந்தது. இத்தனை கோயில் இருக்கிற ஊரில் முப்பது பேருக்கு ஒரு கோயில். "வராதே" என்று இதைவிடப் பதமாகச் சொல்ல முடியாது. நீ சங்கடப்பட வேண்டாம், நான் வரவில்லை. நன்றாக இருக்கச் சொல்.

ஸ்டெர்யோஸ்

தெசலோனிக்கி, 17-4-1988

ஸ்டெர்யோஸுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களையும் அவள் கையில் கொடுத்துவிட்டேன். வாசித்தவள் எழுந்துபோய் அழைப்புப் பட்டியலைக் கொண்டுவந்தாள். முதல் பெயர் உங்களுடையது. இத்தனை நாள் என்னிடம்தான் மறைத்திருக்கிறாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பதினோரு வருஷம் முன்னாடி அந்தக் குருத்து ஞாயித்துக்கிழமை அகிரோபீட்டோஸ்ல தூணுக்குப் பின்னாடிதானே நின்னாரு? பூசை முடிஞ்சு திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம், ரயிலேறிப் போயிட்டாரு. பெரிய கோயில்னா மறுபடியும் அதைத்தான் செய்வாரு. இங்க ஒளிய ஒரு தூண் கிடையாது. வரச் சொல்லும்மா."

எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. கூப்பிடுவது அவள்.

பொலிக்ஸேனி

ஸ்டுட்கார்ட், 19-6-1988

அன்புள்ள பொலிக்ஸேனி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நேரில் சொல்லாததை எழுதுகிறேன். அன்று பத்தரைக்கே நான் மேலே வந்துவிட்டேன். தோட்டத்துச் சுவரோரம் நின்றேனே தவிர, உள்ளே வரக் கால் எழவில்லை. பாட்டு தொடங்கியது. வாசல் வழியே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவ்வளவு போதும், போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

மலர்முடியோடு நடுவில் போட்டிருந்த மேசையைச் சுற்றும்போது என்னைப் பார்த்துவிட்டாள். பாதிரியார் கையைப் பிடித்தபடியே, "அப்பா, வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க!" என்று அவள் கத்தியதும் பாட்டே நின்றுபோனது. எல்லோரும் வயிற்றை எக்கி வழிவிட்டார்கள்.

வந்து நின்ற இடம் உன் பக்கத்தில். என் தோள் உன் தோளில் பட்டது. நீ நகரவில்லை. நகர இடமும் இல்லைதான். இரண்டில் எது காரணம் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஸ்டெர்யோஸ்