திரையில் வந்த துரை

டெல்லி, 12-1-1977

அன்புள்ள சுருளியம்மாளுக்கு, ராக்கப்பன் எழுதுவது. நான் சுகம். உன் கால் அட்டைக்கடிப் புண் ஆறிவிட்டதா?

நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எடுத்த படத்தை நேற்று இங்கே திரைப்பட விழாவில் முதல்தடவையாகக் காட்டினார்கள். டைரக்டர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கொழுந்து நிறுவையில் ஏமாற்றுவதை நான் தோட்டத் துரையின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறதாக நடித்த கட்டம் வந்தது. துரையாக நடித்தவரின் முகம் சுவர் அகலத்துக்குத் தெரிந்ததும், நான் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"உக்காருங்க ராக்கப்பன், அது வெறும் படம்" என்றார் டைரக்டர். நீயும் சிரித்துக்கொள்.

அடுத்த மாதம் பீர்மேட்டிலும் காட்டப்போகிறார்களாம். நம் தோட்டத்து நிஜத் துரைக்கு முன்வரிசையில் இடமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. லயத்தைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவோம்? துணிப்பெட்டியை மட்டும் இப்போதே வண்டிப்பெரியாரில் உன் அண்ணன் வீட்டில் வைத்துவிடு. மகள் சின்னத்தாயை விட்டுப் பதில் எழுது. அடியில் உன் கைநாட்டை வை, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். சுருளி, பீர்மேட்டில் காட்டுகிற அன்றைக்குத் துரை படத்தைப் பார்க்கமாட்டார். திரும்பி என்னைத்தான் பார்ப்பார், நிற்கிறேனா உட்கார்ந்திருக்கிறேனா என்று.

உன்
ராக்கப்பன்