செடி குடித்த தண்ணீர்

பெரியவளின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இக்கடிதத்தில் வருபவை (வரிசை சரியா என்று தெரியவில்லை):

1. நான் நலம்.
2. அச்சகத்தில் சற்றுத் தலை சுற்றியது. விழவில்லை.
3. எனக்கு வெறும் தண்ணீர் இறங்காது.

இரண்டாவதற்குக் காரணமே மூன்றாவதுதான் என்றார் மருத்துவர். ஆகவே பிழை திருத்தும் மேசையில் பாட்டில் வைத்து, எலுமிச்சைத் தோல், புதினா, வெள்ளரித் துண்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. மீதியை ஜன்னலோரச் செடிக்கு ஊற்றினேன்.

இயந்திரம் ஓட்டுபவர் பார்த்துவிட்டார்.

"என்ன பெரியவரே, தலை சுத்தினது உங்களுக்கா, செடிக்கா?" என்று ஒரு தம்ளர் வெறும் தண்ணீரை நீட்டினார். "குடிங்க. முடிக்கிற வரைக்கும் நகர மாட்டேன்."

இடுப்பில் கை வைத்து உன்னைப் போலவே நின்றார். மடமடவென்று இறங்கிவிட்டது. இப்போது தினமும் வந்து நிற்கிறார். தலைசுற்றலும் இல்லை.

ஞாயிறு அச்சகம் விடுமுறை, அறையில் நான் மட்டும்தான். அன்று மதியம் போன் செய்து, "குடிச்சாச்சா?" என்று கேள். நான் தம்ளரைக் கீழே வைக்கும்வரை நீ போனை வைக்காதே.

தபால்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். மூன்றாவதைத் தவறாக எழுதிவிட்டேன், அடித்துவிடு. தண்ணீர் இறங்குகிறது. பக்கத்தில் அதட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.