நான் தள்ளிப்போட்ட ஒப்புதல் கடிதம்

1986 மார்ச் 2, ஞாயிறு
பூசை முடிந்து லா சப்பல் காப்பிக் கடையில் யாழ்ப்பாணத்தாருக்கு பிரெஞ்சுக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தேன். கூலி வழக்கம்போல் ஒரு காப்பி.

கடைசியாக வாமதேவன். நகருக்கு வெளியே வில்லியே லே பெல்லில் என் புது வீட்டுக்குத் தரைக்கல் பதிக்கிறவன். வீட்டைக் கட்டும் ஒப்பந்தக்காரர் அவனிடம் அந்த வேலையைப் பிரித்துக் கொடுத்ததை எனக்கு எழுத்தில் தெரிவித்து, நான் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அவர் செய்யவில்லை. “நீங்களே எழுதித் தாங்கோ அண்ணை, அவரிட்டைக் கையெழுத்து வாங்கிறன்” என்றான்.

முதலில் வேலை முடியட்டும் என்றேன்.

மார்ச் 23
மறுபடி கேட்டான். ஈஸ்டர் கழியட்டும் என்றேன். ஊருக்கெல்லாம் எழுதுகிற கைக்கு இது மட்டும் ஏன் கனக்கிறது? ஒப்பந்தக்காரர் முறைத்துக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுவிடுவாரோ என்ற பயம். அவ்வளவுதான்.

மே 6
ஒப்பந்தக்காரர் திவால். தரை மட்டும் பளபளவென்று இருக்கிறது.

ஜூன் 12
வாமதேவனிடமிருந்து பதிவுத் தபால். கல் பதித்த கூலியை வீட்டுக்காரனான நான் தர வேண்டுமாம். யாரைப் பிடித்து எழுதினானோ, பிரெஞ்சு படுமோசம். என் வீட்டுல சோறு தின்னவன், எனக்கே நோட்டீஸ் விடுறான் — எவ்வளவு நெஞ்சழுத்தம்?

“வேலை செஞ்சான்ல, கேக்கத்தானே செய்வான்” என்றாள் ஞானம்மா. கட்டின மனைவியும் அவன் பக்கம்.

ஜூன் 20
வக்கீல் சிரித்தார். ஒப்புதல் கடிதம் இல்லாததால் அவன் என்னிடம் கேட்கவே முடியாதாம். சட்டம் என்னைக் காப்பாற்றுகிறதாம். நான் பாக்கி வைத்திருக்கும் கடைசித் தவணையைத் திவால் அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். வாமதேவனுக்குக் கொடுத்தால் அதே பணத்தை இரண்டு முறை கட்டியதாகிவிடும்.

கடிதம் இருந்திருந்தால் என்று கேட்டேன். அந்தத் தவணை நேரே அவனுக்குப் போயிருக்கும் என்றார். எனக்கு ஒரு சல்லி கூடுதல் செலவில்லை.

கேட்காமலே இருந்திருக்கலாம். தர முடியாது என்று பதில் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு
வாமதேவன் மற்றவர்களோடு வரிசையில் நின்றான். முறை வந்ததும் என் வக்கீல் அனுப்பிய கடிதத்தை மேசையில் வைத்தான்.

“உங்கடை கடிதம்தானே அண்ணை. நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கோ.”

வாசித்தேன். ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கக்கேடு.

“ஓம், விளங்கிச்சு” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். போகும்போது என் காப்பிக்கும் காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

செப்டம்பர் 7, ஞாயிறு
பூசை முடிந்து காப்பிக் கடையில் பேனாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடிதம் எழுதக் கேட்டு ஒருவரும் வரவில்லை. காப்பிக்கு நானே காசு கொடுத்தேன்.