மணலுக்கடியில் ஒரு கிணறு

அஹகார் மலையடி
முஹர்ரம் பிறை 5

அன்புள்ள தகாமா,

நான் நலம். ஒட்டகம் ஒன்று போய்விட்டது. முனகுகிற மணல்மேடு விழுங்கிவிட்டது. வலப்பக்கம் போகச் சொன்னவன் வழிகாட்டி இக்னான்தான். கேட்டால், “உன் வலதா என் வலதான்னு நீ கேக்கலையே அண்ணே!” என்று சிரிக்கிறான். மணலில் அவனுக்குக் காலடித் தடமும் விழுவதில்லை. பொய்யன்தான். ஆனால் மணலுக்கடியில் இருக்கும் ஊருக்கு வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் நம் மகள் தெஹித்துக்குப் பேச்சு திரும்புமாம். ஆறு வயதுப் பிள்ளை ஊமையாகத் திரிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எதிரே வந்த உப்பு வணிகர்களிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அமஸ்தான்

கூடாரம்
முஹர்ரம் பிறை 16

என் அமஸ்தானுக்கு,

தடம் விழாதவன் பின்னால் போகிறீர்களே, உங்களுக்கு மூளை இருக்கிறதா? ஆண்கள் எல்லாரும் முகத்திரைக்குள்ளேயே சாப்பிடுகிறீர்கள். அவன் தின்கிறானா கீழே கொட்டுகிறானா என்று யார் கண்டது? கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டுப் பாருங்கள். ஜின்னாக இருந்தால் வாயில் வைக்காது. பேசாத பிள்ளையோடு வாழ்ந்துவிடுவேன், நீங்கள் இல்லாமல் முடியாது. திரும்பி வாருங்கள்.

தகாமா

கிணற்றடி
ஸஃபர் பிறை 2

அன்பு மனைவி தகாமாவுக்கு,

உப்பு போட்டேன். இக்னான் விரலை நக்கி நக்கித் தின்றான். உன் சந்தேகம் வீண். கிணற்றையும் கண்டுவிட்டோம். ஆனால் தண்ணீரை வெளியே எடுத்தால் மணலாகிவிடுகிறது; பிள்ளை இங்கே வந்துதான் குடிக்க வேண்டும். இதைக் கொண்டுவரும் இக்னானோடு தெஹித்தை அனுப்பிவை. அத்தை மரியாமாவுக்கு என் அன்பு.

அமஸ்தான்

கூடாரம்
ஸஃபர் பிறை 14

இக்னானுக்கு,

கடிதத்தை வாசலில் வைத்துவிட்டு எதிர் மேட்டில் உட்கார்ந்திருக்கிறாய். அதனால் உனக்கே எழுதுகிறேன். கையெழுத்து அச்சு அசல் அவருடையதுதான். ஆனால் எங்களில் எந்த மருமகனும் மாமியார் பெயரைச் சொல்லமாட்டான், எழுதவும் மாட்டான். அவ்வளவு மரியாதை, அவ்வளவு கூச்சம். கல்யாணமானதிலிருந்து என் அம்மா அவருக்கு ‘பக்கத்துக் கூடாரத்தார்’தான். இதை எழுதியது அவர் இல்லை, நீ. கடைசி வரியில் தன் பெயரைப் படித்ததும் அம்மா, “உன் புருசன் போயிட்டான்டி” என்றாள்.

ஜின்கள் பிள்ளை தூக்குவது எங்களுக்குப் புதிதல்ல. தெஹித்தைத் தரமாட்டேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தாலும் உன் கண்ணெதிரே அழமாட்டேன். அவர் உடலை எங்கே விட்டுவிட்டு வந்தாய்? நான் போய்ப் புதைக்க வேண்டும். இந்த ஒரு வழியையாவது பொய் இல்லாமல் சொல்.

தகாமா