எதிலும் ஒட்டும் புரதம்

மார்ச் 3, திங்கள்

மன்னித்துக்கொள் டைரியே, இந்த அகால நேரத்தில் உன்னைத் திறக்கிறேன். என் பையன் குட்டி இப்போதுதான் தூங்கினான். இன்றைய ஜெல்லைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு மரபணுவை முடுக்கிவிடும் சின்ன டிஎன்ஏ துண்டு. அதைப் பிடிக்கும் புரதம் எது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. துண்டில் ஒளிரும் சாயம் ஏற்றி, செல் சாற்றோடு கலந்து, மின்சாரம் பாய்ச்சிய ஜெல் கூழில் ஓட்டுவேன். தனித் துண்டு விறுவிறுவென்று கீழே ஓடிவிடும். புரதம் பிடித்துக்கொண்ட துண்டு மேலேயே தங்கிப் பட்டையாகத் தெரியும். போன மாதம் அப்படி ஒரு பட்டை, பளிச்சென்று. தான் எதிர்பார்த்த புரதமே என்று, ஆய்வகத்தை நடத்தும் மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை மாநாட்டில் காட்டப்போகிறார். என் வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கக் கேட்கப்போவதும் அந்தப் படத்தை வைத்துத்தான்.

இன்று, சாயமில்லாத டிஎன்ஏவை அள்ளிப் போட்டுச் சோதித்தேன். அதே எழுத்து வரிசை உள்ளதைப் போட்டால் புரதம் அந்தப் பக்கம் போய்விடும், பட்டை மறையும். மறைந்தது. நாலு எழுத்து மாற்றிய தவறான வரிசைக்கு மறையக் கூடாது.

அதற்கும் மறைந்தது.

மார்ச் 4

திரும்ப ஓட்டினேன். அதேதான்.

மேடம் மாநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "தூக்கமில்லாம டியூபை மாத்தி வச்சிருப்பே. வீட்டுக்குப் போய் தூங்கும்மா." மாத்தியிருப்பேனோ? இரண்டு நாளுமா?

ஜெல் ஊற்றும் திரவம் உறையும்வரை நரம்புக்கு விஷம். இரட்டைக் கையுறை போட்டாலும் குளிக்காமல் குட்டியைத் தொடுவதில்லை. வாசலிலேயே கை நீட்டி அழுகிறான். மாமியார் அவனைப் பிடித்துக்கொண்டு, "நீ போய்க் குளிடி. இவன் அழுது ஒண்ணும் கரைஞ்சிட மாட்டான்" என்றார்.

மார்ச் 5

பக்கத்து மேசை அண்ணனுக்கு ஆய்வகத்தில் பெயர் ஐஸ்பெட்டி. எதையும் ஐஸை விட்டு எடுக்க விடமாட்டார். என் அளவுகளைப் பார்த்துச் சிரித்தார்.

"நிரப்பு டிஎன்ஏ இவ்ளோதானா? உப்பு தூவுற மாதிரி தூவியிருக்கே."

"மேடம் குடுத்த அளவுண்ணா."

"அது சுத்தம் பண்ணின புரதத்துக்கு. நீ போடுறது முழுச் சாறு. கண்டதும் கெடக்கும் அதுல."

எந்த டிஎன்ஏ கிடைத்தாலும் ஒட்டும் புரதங்கள் உண்டு. அவற்றை வேறு பக்கம் இழுத்துவைக்கத்தான் அந்த நிரப்பு. இரவு மாமியாரிடம் இதை விளக்கினேன். "உன் புருஷன் மாதிரின்னு சொல்லு. யார் டீ குடுத்தாலும் அங்கேயே உக்காந்துடுவான்." என் கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 6, வியாழன்

நிரப்பைக் கூட்டினேன். பளிச்சென்ற பட்டை போயே போய்விட்டது. அதற்குக் கீழே மெல்லியதாக இன்னொன்று. தவறான வரிசை போட்டேன் — அசையவில்லை. சரியானது — மறைந்தது. இதுதான் நிஜமான பிடிப்பு.

மேடம் நினைத்த புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்தேன். அந்தப் புரதமாக இருந்தால் பட்டை இன்னும் மேலே ஏறும். ஏறவில்லை. அப்படியானால் இது வேறு யாரோ.

"நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும்மா" என்றார் ஐஸ்பெட்டி அண்ணன். "இப்ப சொன்னா உன் நீட்டிப்பு அம்போ."

சொல்லாவிட்டால்? அரங்கில் யாராவது எழுந்து, தவறான வரிசையைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால்? மேடம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மேடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இதுதான்:

"மேடம், படங்களை இணைத்திருக்கிறேன். டியூப் மாறவில்லை. பழைய பட்டை எதிலும் ஒட்டுகிற புரதம், அதை நாளை காட்ட வேண்டாம். நாம் தேடுவது கீழே தெரியும் மெல்லிய பட்டை. அது நீங்கள் நினைத்த புரதம் இல்லை. டிஎன்ஏவைக் காந்த மணிகளில் கட்டி, அதில் ஒட்டுவதை இழுத்தெடுத்து, என்ன புரதம் என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை தொடங்கலாமா? என் நீட்டிப்பைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். நீங்கள் மேடை ஏறுவதற்குள் பதில் போடுங்கள்."